சுங்காய் சட்டமன்றத் தொகுதி: நான்கு முறை வென்றவரின் கணக்கை எப்படிப் பார்ப்பது?

8 ஜனவரி 2023

பீடோர் வாசகர் ஒருவரின் கேள்வி: "சுங்காய்க்காரர்கள் 2008 முதல் அ.சிவநேசனைத் தொடர்ந்து நான்கு முறை சட்டமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் லயத்து வீடுகளாகவே இருக்கின்றன, பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். இத்தனை ஆண்டுகளில் ஒரே ஆளுக்குப் போட்ட வாக்கினால் நீங்கள் கண்ட பலன் என்ன?"

8 ஜனவரி 2023, இரவு

கேள்வி நியாயமானது. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள இந்தச் சுங்காயில் பிறந்து, தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்து, நான்கு தேர்தல்களிலும் இங்கேயே வாக்களித்தவன் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. ஆனால் பலனைக் கேட்பதற்கு முன்னால் காலத்தைக் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து.

சிவநேசன் ஜனநாயக செயல் கட்சியின் வேட்பாளராக 8 மார்ச் 2008 அன்று முதன்முறையாகச் சுங்காயில் வென்றார். அதற்கு முந்தைய தவணையில் தொகுதி தேசிய முன்னணியின் இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் ஆர்.கணேசனிடம் இருந்தது. பிறகு 5 மே 2013, 9 மே 2018, 19 நவம்பர் 2022 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் சிவநேசனே வென்றார். முதல் வெற்றிக்கும் நான்காம் வெற்றிக்கும் இடையில் பதினான்கு ஆண்டு எட்டு மாதம். இந்தக் காலத்தில் அவர் மாநில ஆட்சிக்குழுவில் (மாநில அமைச்சரவையில்) அமர்ந்திருந்தது இரண்டே முறை. முதல் முறை 2008 மார்ச்சில் தொடங்கி 2009 பிப்ரவரியில் முடிந்தது. இரண்டாவது முறை 2018 மேயில் தொடங்கி 2020 மார்ச்சில் முடிந்தது. இரண்டையும் கூட்டினாலும் மூன்று ஆண்டு நிறையவில்லை. எஞ்சிய பன்னிரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலமும் அவர் எதிர்க்கட்சி உறுப்பினர்.

அந்த இரண்டு ஆட்சிகளையும் கலைத்தவர்கள் வாக்காளர்கள் அல்லர் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது. நாம் போட்ட வாக்கு ஐந்து ஆண்டுக்குப் போட்ட வாக்கு. முதல் முறை அது ஓராண்டைக்கூடத் தாண்டவில்லை; இரண்டாவது முறை இரண்டாண்டை எட்டவில்லை. பலன் எங்கே என்று கேட்பவர்கள் இந்த இடத்திலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும்.

10 ஜனவரி 2023

2009இல் நடந்ததை இளையவர்கள் பலரும் கேள்விப்பட்டதே இல்லை என்று தெரிகிறது. அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பேராக் சட்டமன்றத்தில் 59 இடங்கள். 2008இல் எதிர்க்கட்சிகளின் மக்கள் கூட்டணி 31 இடங்களையும், மலாய்க்காரர் கட்சியான அம்னோ, சீனர் கட்சியான ம.சீ.ச., ம.இ.கா. ஆகியவை சேர்ந்த தேசிய முன்னணி 28 இடங்களையும் பெற்றன. 31இல் ஜனநாயக செயல் கட்சிக்கு (ஜ.செ.க.) 18, மக்கள் நீதிக் கட்சியான பி.கே.ஆருக்கு 7, இஸ்லாமியக் கட்சியான பாஸுக்கு 6. ஜ.செ.க. அதிக இடங்களை வைத்திருந்தும், பாஸ் கட்சியின் நிசார் ஜமாலுடின் மந்திரி பெசாரானார், அதாவது மாநில முதல்வரானார். சிவநேசன் ஆட்சிக்குழு உறுப்பினராகி, சுகாதாரம், மனிதவளம் உள்ளிட்ட துறைகளைப் பெற்றார். துரோனோ உறுப்பினர் வீ.சிவகுமார் சபாநாயகரானார். தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த ஆண்டு எப்படி இருந்தது என்பதை இன்று எழுத்தில் கொண்டுவருவது கடினம். மலேசிய இந்தியர் உரிமைக்காக நடந்த 25 நவம்பர் 2007 ஹிண்ட்ராப் பேரணி முடிந்து ஏறக்குறைய நான்கு மாதமே ஆகியிருந்தது. அதற்குள் மாநிலத் தலைநகர் ஈப்போவின் அரசுச் செயலகத்தில் நம் ஆட்கள் பொறுப்பில் இருந்தார்கள்.

2009 பிப்ரவரித் தொடக்கத்தில் மூன்று உறுப்பினர்கள் கூட்டணியை விட்டு விலகித் தேசிய முன்னணிக்கு ஆதரவாகச் சுயேச்சைகளானார்கள்: பேராங், சங்காட் ஜெரிங் ஆகிய இரண்டு தொகுதிகளின் பி.கே.ஆர். உறுப்பினர்களும், ஜெலாப்பாங் தொகுதியின் ஜ.செ.க. உறுப்பினரும். ஜெலாப்பாங் உறுப்பினர் ஹீ இட் ஃபோங் அப்போது துணைச் சபாநாயகராகவும் இருந்தார். சட்டமன்றத்தைக் கலைக்கும்படி நிசார் விடுத்த வேண்டுகோளைச் சுல்தான் ஏற்கவில்லை. பிப்ரவரி 6 அன்று தேசிய முன்னணியின் சம்ரி அப்துல் காதிர் மந்திரி பெசாராகப் பதவியேற்றார்.

இதில் பேராங் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தஞ்சோங் மாலிம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வரும் மூன்று சட்டமன்றத் தொகுதிகள் சுங்காய், சிலிம், பேராங். சுங்காயில் நாம் கொடுத்த வாக்கின் வலிமையை, அதே நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருந்த இன்னொரு சட்டமன்ற உறுப்பினரின் முடிவு இல்லாமல் செய்தது. அந்த வாரம் இங்கே சாப்பாட்டுக் கடைகளில் பேசியவர்களின் கோபம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது தேசிய முன்னணியின் மீது இருந்ததைவிட, நம்பி வாக்களித்துவிட்டோமே என்ற ஆற்றாமையாகவே அதிகம் இருந்தது.

10 ஜனவரி 2023, பின்னிரவு

விடுபட்டது ஒன்று. 3 மார்ச் 2009 அன்று சட்டமன்றக் கட்டடம் பூட்டப்பட்டிருந்ததால், சபாநாயகர் சிவகுமார் ஈப்போவில் ஒரு மழைமரத்தின் அடியில் அவையைக் கூட்டினார். மே 7 அன்று முறையான கூட்டம் நடந்தபோது அவரை அவையிலிருந்து காவல்துறையினர் வலுக்கட்டாயமாக வெளியேற்றினார்கள். தொடக்க உரை ஆற்ற வந்த ராஜா மூடா (பட்டத்து இளவரசர்) பல மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அன்று புதிய சபாநாயகராக அறிவிக்கப்பட்டவர் யார்? சுங்காயின் முன்னாள் உறுப்பினர் ஆர்.கணேசன்.

சபாநாயகராக இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே அந்த நியமனத்துக்கு அது ஒரு தடையாக இல்லை. ஆனாலும் சுங்காய் வாக்காளனுக்கு அது வேறொன்றைச் சொன்னது. 2008இல் நாம் தேர்ந்தெடுத்தவர் ஆட்சிக்குழுவிலிருந்து இறங்கினார்; அவருக்கு முன் நம் தொகுதியை வைத்திருந்த கட்சிக்காரர் அவையின் மிக உயர்ந்த நாற்காலியில் அமர்ந்தார். இரண்டும் மூன்று மாத இடைவெளியில் நடந்தன. இரண்டிலும் நம்மிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

13 ஜனவரி 2023

"நீதிமன்றம் நிசார் பக்கம் தீர்ப்புச் சொன்னதே" என்று தாப்பாவிலிருந்து தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. 11 மே 2009 அன்று உயர் நீதிமன்றம் நிசாரே சட்டப்படியான மந்திரி பெசார் என்று தீர்ப்பளித்தது. மறுநாளே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, மே 22 அன்று முற்றாக மாற்றியது. 9 பிப்ரவரி 2010 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சம்ரியின் நியமனம் செல்லும் என்றார்கள். சட்டப்படி அந்த விவகாரம் அத்துடன் முடிந்தது.

14 ஜனவரி 2023

என் முதல் பதிவில் மாதங்களைக் கூட்டிக் கணக்குச் சொன்னேன். அந்தக் கணக்கு சரியானதுதான் என்றாலும், அதை மட்டுமே வைத்துப் பேசினால் 2013 முதல் 2018 வரையிலான ஐந்து ஆண்டுகளை நியாயமாகப் பார்க்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது. 2013இல் தேசிய முன்னணிக்கு 31, மக்கள் கூட்டணிக்கு 28. அந்தத் தோல்வி வாக்குச்சாவடியில் வந்த தோல்வி. அதை ஏற்க வேண்டியதுதான். ஆகவே எதிர்க்கட்சியாகக் கழிந்த காலத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: மக்கள் கொடுத்த எதிர்க்கட்சிக் காலம் ஒன்று, கட்சித்தாவலும் கூட்டணி மாற்றமும் கொடுத்த எதிர்க்கட்சிக் காலம் இன்னொன்று. முதலாவதற்கு உறுப்பினரும் பொறுப்பேற்க வேண்டும், நாமும் பொறுப்பேற்க வேண்டும்.

ஒரு சிறிய செய்தியையும் சேர்க்கிறேன், ஏனென்றால் இதை யாரும் கவனித்துப் பேசி நான் கேட்டதில்லை. 2008, 2013, 2018, 2022 ஆகிய நான்கு தேர்தல்களிலும் பேராக்கில் ஜ.செ.க. பெற்ற இடங்கள் மாறாமல் பதினெட்டு. ஆட்சி நான்கு விதமாக அமைந்தது; பதினெட்டு மட்டும் அசையவில்லை. அந்தப் பதினெட்டில் ஒன்று சுங்காய்.

17 ஜனவரி 2023

எந்தத் தேர்தலில் எந்தச் சின்னத்துக்கு வாக்களித்தோம் என்று கேட்ட அக்காவுக்குப் பதில்.

எங்கள் அப்பா தலைமுறைக்குத் தேர்தல் என்றால் தேசிய முன்னணியின் தராசுச் சின்னம். வேட்பாளர் யார் என்பதைக்கூடக் கேட்க மாட்டார்கள். கிளைத் தலைவர் வந்து சொல்வார், தராசில் கோடு விழும். 2008இல் அந்தப் பழக்கத்தை உடைக்கவே ஒரு தலைமுறை தேவைப்பட்டது. அதிலும் சுங்காய் வாக்காளருக்கு இரண்டு வாக்குச்சீட்டு: மாநிலத்துக்கு ஜ.செ.க.வின் ராக்கெட், நாடாளுமன்றத்துக்கு பி.கே.ஆரின் கண். 2008இலும் 2013இலும் தஞ்சோங் மாலிம் நாடாளுமன்றத் தொகுதியை ம.சீ.ச.வின் ஓங் கா சுவான் தேசிய முன்னணிக்காக வென்றார். சுங்காய் சட்டமன்றம் ராக்கெட்டிடம், அதன் மேலிருந்த நாடாளுமன்றத் தொகுதி தராசிடம் என்று பத்தாண்டு கழிந்தது. நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினரும் எதிரெதிர் அணிகளில் இருந்தபோது, ஒரு சாதாரணக் கால்வாய் வேலைக்குக்கூட யாரிடம் போவது என்று தெரியாமல் மக்கள் அலைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2018இல் வந்தது வேறொரு சோதனை. மக்கள் கூட்டணிக்குப் பின் வந்த நம்பிக்கைக் கூட்டணிக்கு அப்போது பொதுச் சின்னம் இல்லாததால், தீபகற்பத்தில் ஜ.செ.க. வேட்பாளர்களும் பி.கே.ஆரின் கண் சின்னத்திலேயே நின்றார்கள். இரண்டு தேர்தலாக ராக்கெட்டைத் தேடிப் பழகிய பாட்டிமார்களுக்கு, இந்த முறை ராக்கெட் வாக்குச்சீட்டில் இருக்காது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. தேர்தல் புதன்கிழமையில் வேறு வைத்தார்கள். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வாக்களித்துவிட்டு அன்றிரவே திரும்பினார்கள். அந்த முறை சுங்காயில் சிவநேசனும் தஞ்சோங் மாலிமில் பி.கே.ஆரின் சாங் லீ காங்கும் வென்றதால், இரண்டு உறுப்பினர்களும் முதன்முறையாக ஓரணியில் நின்றார்கள்.

18 ஜனவரி 2023

இரண்டாவது ஆட்சி கவிழ்ந்த கதை இன்னும் சுருக்கமானது. 2018இல் பேராக்கில் நம்பிக்கைக் கூட்டணிக்கு 29, தேசிய முன்னணிக்கு 27, பாஸ் கட்சிக்கு 3. முப்பது இருந்தால்தான் பெரும்பான்மை. தேசிய முன்னணியிலிருந்து இருவர் வந்து ஆதரவு கொடுத்ததால், நம்பிக்கைக் கூட்டணியில் அப்போது இருந்த பெர்சத்து கட்சியின் அகமட் பைசால் அசுமு மந்திரி பெசாரானார். சட்டமன்றத்தில் பெர்சத்துவின் பலம் ஒரே ஓர் இடம், அவருடைய இடம்தான். 2020இல் பெர்சத்து கூட்டணியை விட்டு வெளியேறியபோது, அவர் அம்னோவையும் பாஸையும் சேர்த்துக்கொண்டு மந்திரி பெசாராகவே தொடர்ந்தார். பதினெட்டு இடங்கள் வைத்திருந்த ஜ.செ.க. வெளியே நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அவருக்கு ஆதரவாகப் பத்து வாக்கும் எதிராக நாற்பத்தெட்டு வாக்கும் விழுந்தன. பிறகு அம்னோவின் சாரானி முகமட் வந்தார்.

தாவி வந்தவர்களின் ஆதரவில் அமைந்த ஆட்சியை, 2018இல் நாமும் பெரிதாகக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். 2009இல் நம்மைப் புண்படுத்திய செயல், 2018இல் நமக்குச் சாதகமாக நடந்தபோது சுங்காயில் யாரும் மரத்தடிக்குப் போகவில்லை. இது எனக்கு வருத்தம் தருகிறது.

2020 மார்ச்சில் ஜ.செ.க.வை விட்டு இரண்டு உறுப்பினர்கள் விலகினார்கள். ஒருவர் சிவகுமாருக்குப் பின் வந்த துரோனோ உறுப்பினர். மற்றவர் புந்தோங்கின் அ.சிவசுப்பிரமணியம், அவரும் சிவநேசனைப் போல 2008 முதல் சட்டமன்றத்தில் இருந்தவர். ஒரே கட்சியில், ஒரே தேர்தலில் சட்டமன்றத்துக்குள் போன இந்த இரண்டு தமிழர்களில் ஒருவர் விலகினார், ஒருவர் இருந்தார். பீடோர் நண்பர் பலன் என்ன என்று கேட்டார். என் பார்வையில், பதவி பறிபோன இரண்டு தடவையும் நம் உறுப்பினர் அணி மாறாமல் இருந்ததே பெரிய பலன். அவர் மாறியிருந்தால் நம் வாக்குக்கு அப்புறம் எந்த அர்த்தமும் இருந்திருக்காது.

21 ஜனவரி 2023

"அணி மாறாமல் இருப்பது ஒரு சாதனையா? அது குறைந்தபட்ச ஒழுக்கம் அல்லவா?" என்று பீடோர் நண்பர் மறுமொழி எழுதியிருக்கிறார். நன்றாக யோசித்தேன். அவர் சொல்வதில் பெரும்பகுதி சரி. விசுவாசத்தை மட்டும் வைத்து வீடு கட்ட முடியாது.

ஆகவே ஒரு சட்டமன்ற உறுப்பினரால் தோட்டப்புறத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு வருகிறேன். இந்த இடத்தில்தான் நம்மில் பலர் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். தமிழ்ப்பள்ளியும் ஆசிரியர் நியமனமும் கூட்டரசின் (மத்திய அரசின்) கையில் இருக்கின்றன. மருத்துவமனையும் கிளினிக்கும் அப்படியே. தோட்டத் தொழிலாளர் சம்பளமும் தொழிற்சட்டமும்கூடக் கூட்டரசுக்கு உரியவை. மாநில ஆட்சிக்குழுவில் சுகாதாரம், மனிதவளம் என்ற பொறுப்புகள் இருந்தாலும், அவற்றின் பெரும் அதிகாரம் கூட்டரசின் தலைமையிடமான புத்ராஜெயாவில் இருக்கிறது. மாநிலத்தின் உண்மையான அதிகாரம் நிலம். அடுத்தது ஊராட்சி மன்றங்கள். ஊராட்சித் தேர்தல்கள் 1965 முதல் நிறுத்தப்பட்டுவிட்டதால் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.

நிலம் என்றவுடன் தோட்டத்து மக்களின் பிரச்சினை முழுவதும் கண்முன் வந்துவிடும். சீனப் புதுகிராமத்தாருக்கும் திட்டமிட்ட கிராமங்களில் இருப்போருக்கும் நிலையான பட்டா வழங்க 2008இல் நிசார் அரசு முடிவெடுத்தபோது இந்த ஊர்ப் புதுகிராமத்தில் எவ்வளவு மகிழ்ச்சி இருந்தது என்பதை நான் பார்த்தேன். அதே நாளில் லயத்தில் இருந்தவனுக்கு அதில் எதுவும் இல்லை, ஏனென்றால் அவன் குடியிருப்பது கம்பெனி நிலம். தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்கள், ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டியவர்கள், வேலை முடிந்த அன்றே வீட்டுக்கும் உரிமை இழக்கிறார்கள். தோட்ட அலுவலகத்தில் இருந்தபோது, ஓய்வு பெறுபவர் வீட்டுச் சாவியை ஒப்படைத்ததற்கான பதிவை எழுதுவது என் வேலைகளில் ஒன்று. சாவியை வைத்துவிட்டு எங்கே போவது என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. எனக்குப் பதில் இருந்ததில்லை.

மாநில அரசு நினைத்தால் அரசு நிலத்தில் ஒரு பகுதியை வீடமைப்புக்கு ஒதுக்க முடியும். அதற்கான விண்ணப்பம் தாப்பாவில் உள்ள நில அலுவலகத்தில் தொடங்கி ஈப்போவில் ஆட்சிக்குழுவின் மேசைக்குப் போக வேண்டும். அந்த மேசையில் நம் உறுப்பினருக்கு நாற்காலி இருந்த காலம்தான் மூன்று ஆண்டுக்கும் குறைவு என்று முதலில் எழுதினேன். எதிர்க்கட்சியில் இருக்கும்போது அவரால் அவையில் கேள்வி எழுப்ப முடியும், கடிதம் எழுத முடியும், சேவை மையத்தில் அமர்ந்து மனுக்களை வாங்க முடியும். நிலத்தை ஒதுக்க முடியாது. மாநில ஒதுக்கீடுகூட எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்குக் கிடைக்காது என்பதே அந்நாளைய நடைமுறை.

22 ஜனவரி 2023

இதை மட்டும் வலியுறுத்துகிறேன்: மேலே எழுதியது சிவநேசனுக்கு வக்காலத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மூன்று ஆண்டுக்குள் தோட்டத்து வீடமைப்புக்காக எத்தனை விண்ணப்பங்கள் நாம் முறையாகக் கொடுத்தோம் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. 2018இல் வென்ற பிறகு, கோவில் திருவிழாவுக்கும் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் நன்கொடை கேட்டுப் போனவர்களை நான் அறிவேன். நிலத்துக்காக வரைபடத்தோடு போனவர்கள் மிகச் சிலர்.

26 ஜனவரி 2023

வாக்காளர் பட்டியல் ஏன் நீண்டது என்று ஒருவர் கேட்டிருந்தார். 15 டிசம்பர் 2021 முதல் பதினெட்டு வயதானவர்கள் தானாகவே பட்டியலில் சேர்கிறார்கள். அதனால் 2022இல் சுங்காயிலும் பட்டியல் நீண்டது. தோட்டத்தில் இன்று வேலை செய்பவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அதிகம். நம் பிள்ளைகளின் பெயர் அடையாள அட்டை முகவரிப்படி இங்கேயே இருக்கிறது, ஆள் கிள்ளானிலோ ஜொகூர் பாருவிலோ இருக்கிறார். ஊரில் வாழாதவர்கள் ஊருக்கான உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெற்றோர் இன்னும் லயத்தில் இருக்கும்வரை இது அவர்களின் ஊர்தான்.

29 ஜனவரி 2023

2023 ஜனவரி நிலைமைக்கு வருகிறேன். 2022இல் பேராக்கில் பெர்சத்துவும் பாஸும் சேர்ந்த பெரிக்காத்தான் நேஷனலுக்கு 26, நம்பிக்கைக் கூட்டணிக்கு 24, தேசிய முன்னணிக்கு 9. பின்னிரண்டும் சேர்ந்து 33. ஒன்பது இடம் பெற்ற தேசிய முன்னணியின் சாரானி மந்திரி பெசார். சிவநேசன் மூன்றாவது முறையாக ஆட்சிக்குழுவில் இருக்கிறார். இந்த முறை சுகாதாரம், மனிதவளம், ஒருமைப்பாடு ஆகியவற்றுடன் இந்தியர் விவகாரமும் அவரிடம் உள்ளது. 2009இல் மழைமரத்தடியில் அவையைக் கூட்டிய சிவகுமார் 2023 ஜனவரியில் பத்துகாஜா நாடாளுமன்ற உறுப்பினராக, கூட்டரசின் மனிதவள அமைச்சராக இருந்தார். தஞ்சோங் மாலிம் உறுப்பினர் சாங் லீ காங்கும் அப்போது அமைச்சர். மாநிலத்தில் ஒருவர், கூட்டரசில் இருவர் என்று நம் பக்கம் ஒரே நேரத்தில் இத்தனை கதவுகள் திறந்திருந்தது என் நினைவில் அதுவே முதல் முறை.

"இதுவும் கவிழ்ந்தால்?" என்ற தம்பியின் கேள்வி நியாயமானதே. நான்கு பேர் எதிரணிக்குப் போனால் 33 என்பது 29 ஆகிவிடும், பெரிக்காத்தான் முப்பதாகிவிடும். கட்சித்தாவலைத் தடுக்கக் கூட்டரசு அரசமைப்பில் கொண்டுவந்த திருத்தம் 5 அக்டோபர் 2022 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மாநிலங்களும் அதைத் தங்கள் அரசமைப்பில் சேர்க்க வேண்டும். 2009இல் பேராங்கிலும் ஜெலாப்பாங்கிலும் நடந்ததைப் போலத் தனி உறுப்பினர் கட்சியை விட்டு விலகினால், இந்தத் திருத்தத்தின்படி இடம் காலியாகி இடைத்தேர்தல் வரும். ஆனால் 2020இல் நடந்தது வேறு வகை. ஒரு கட்சியே முழுதாக இந்தக் கூட்டணியிலிருந்து அந்தக் கூட்டணிக்கு நகர்ந்தால் உறுப்பினர்கள் இடத்தை இழக்க மாட்டார்கள். முதல் வகை நோய்க்கு மருந்து வந்திருக்கிறது, இரண்டாம் வகைக்கு வரவில்லை.

2 பிப்ரவரி 2023

ஆகவே நாம் ஐந்து ஆண்டு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு உட்கார முடியாது. தைப்பூசம் முடிந்த வாரம் சேவை மையத்துக்குச் செல்லலாம் என்று நம் பக்கத்துத் தோட்டத் தலைவர்கள் சிலரோடு பேசியிருக்கிறேன். நன்கொடைக் கடிதம் எதையும் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு தோட்டத்திலும் சொந்த வீடு இல்லாத குடும்பங்களின் பட்டியல், ஓய்வுக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்ற விவரம், அருகில் அரசு நிலம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடம், ஏற்கெனவே நில அலுவலகத்துக்குக் கொடுத்த விண்ணப்பம் இருந்தால் அதன் நகல் ஆகியவை போதும். பீடோர் நண்பரும் தன் பக்கத்துத் தோட்டங்களுக்கு இதையே செய்யலாம். தொகுதி வேறாக இருந்தாலும் நில அலுவலகம் ஒன்றுதான். பட்டியலை எந்த வடிவத்தில் எழுதுவது என்று தெரியாதவர்கள் கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன்.